யாசென் படிக்காத கடிதம்

ப்ளோவ்திவ் நகரத்தின் ஞாயிறு மதியம். பக்கத்து பால்கனியில் குடமிளகாய் சுடும் புகை யாசெனின் அறைக்குள் வந்து சுருள்கிறது. ஹெட்ஃபோனில் நண்பன் லுபென் கத்துகிறான்: "கேமோட அந்தக் காவல் புரோகிராமுக்கு அனுமதி குடுத்துத் தொலைடா! எவனாவது கள்ளாட்டம் ஆடுறானான்னு பார்க்கும், அவ்வளவுதான். மடியில கனம் இல்லாதவனுக்கு வழியில என்ன பயம்?" யாசென் சம்மதத்தை அழுத்துகிறான். ஆனாலும் மனசு கேட்காமல், அது தன் கணினியில் எதையெல்லாம் தொடுகிறது என்று வரிவரியாகக் காட்டும் கறுப்புச் சாளரமொன்றை ஓரத்தில் திறந்து வைத்திருக்கிறான். லினக்ஸ் கணினிக்காரனின் பழக்கம் அது. வெள்ளை வரிகள் எறும்புச் சாரையாக ஏறுகின்றன. விளையாட்டின் கோப்புகள். வங்கிக் கணக்குத் தாள்கள். கடலோரப் படங்கள். பிறகு, 'யாசெனுக்கு' என்ற கோப்பு. ஆஸ்பத்திரிப் படுக்கையில் மனைவி நெவேனா கடைசியாகத் தட்டிவைத்த கடிதம் அது. அவள் போய் இரண்டு வருஷமாகியும் அவன் திறக்கத் துணியாதது. காவல் புரோகிராம் திறந்தது, என்கிறது வரி. கடைசி எழுத்துவரை படித்தது. தன் நிறுவனத்துக்கு அனுப்பியது. மூடியது. புகை கண்ணைக் கரிக்கிறது.

"டேய், செத்துட்டியா? ஆட்டம் ஆரம்பிச்சாச்சு!"

யாசென் திரையிடம் மெல்லக் கேட்கிறான்: "என்ன எழுதியிருந்தா?"