கவிழ்த்த சீட்டு

"மூணு சீட்டு விரிச்சிருக்கு. மூணும் சிவப்பு ஆர்ட்டின். உன் கையில ரெண்டு கறுப்பு ராஜா இருந்தாக்கூட இதுல நிக்கறது மடத்தனம். எனக்கு ரெண்டு ஆர்ட்டின் வந்திருந்தா நீ காலி. கவுத்துடு."

ஆஷா மிஸ்ஸின் காதில் ஹெட்போன். சாப்பாட்டு மேஜையில், தண்ணீர் ஜக்கின் மேல் சாய்த்து வைத்த டேப்லெட். கை பாட்டுக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தது.

எதிராளி சீட்டைக் கவிழ்த்தான். திரையில் அவன் பெயர் 'தாம்பரம் தாதா'.

"உங்க கையில என்னக்கா இருந்துச்சு?" என்றது காதில் குரல்.

"கவுத்தாச்சுன்னா யார் சீட்டையும் யாரும் கேக்கக் கூடாது. அது ரூல். சரி, நீ காசு வெச்சு ஆடறதை விட்டு இன்னிக்கு எத்தனையாவது நாள்?"

"தொண்ணூத்தி நாலு."

"நூறாவது நாள் வீட்ல நீயே வாயைத் திறந்து சொல்ற. சத்தியம் பண்ணியிருக்க."

"சொல்லிடறேன்க்கா."

அடுத்த ஆட்டம். அவனிடம் ரெண்டு ஏஸ். இருந்த பொய்க்காசு அத்தனையையும் தூக்கி வைத்தான். ஆஷாவிடம் வெறும் ரெண்டு ஏழு. கடைசியாகத் திரும்பிய பொதுச் சீட்டும் ஏழு.

மூன்று ஏழு, ரெண்டு ஏஸை ஜெயித்துவிட்டது.

காதில் மூச்சு வாங்கும் சத்தம். "அக்கா, அந்தப் பழைய திருட்டு ஆப்பைத் திறந்து, காசு வெச்சு ஒரே ஒரு ஆட்டம்..."

"திறந்தே, விரலை ஒடிச்சிடுவேன். நீ சரியாத்தான் ஆடின. கடைசிச் சீட்டு உன் பேச்சையும் கேக்காது, என் பேச்சையும் கேக்காது. தோத்த சூட்டோட அடுத்த ஆட்டம் எடுக்கறவன்தான் அழியறான். எழுந்திரு. போய் தண்ணி குடி. போனைக் கட் பண்ணாதே, லைன்லயே இரு."

"என்ன மிஸ், சீட்டாட்டமா?"

கிரில் கேட்டுக்கு வெளியே, கீழ் வீட்டு ஸ்ரீவித்யா. கையில் மகள் சின்மயியின் கணக்கு நோட்டு.

"ஆமாம், போக்கர். உள்ளே வாங்க."

"காசு வெச்சா?"

"ஒத்தப் பைசா கிடையாது. பொய்க்காசு."

"காசில்லாம எவன் மிஸ் சீட்டாடுவான்? என் காதுல பூ வெக்காதீங்க."

"ஒருத்தன் காசு வெச்சு ஆடி பி.எஃப். வரைக்கும் விட்டுட்டான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தா அவனுக்குக் கை அரிக்கும். அந்த அரை மணி நேரம் என்கூட ஆடறான். தோத்ததும் எழுந்து போகப் பழக்கறேன்."

"நல்லா பழக்கறீங்க. குடிகாரனுக்கு பிராந்தி பாட்டில்ல தண்ணி ஊத்திக் குடுக்கற மாதிரி."

"அதேதான். டக்குனு புரிஞ்சுக்கிட்டீங்களே."

ஸ்ரீவித்யாவின் முகம் சிவந்தது.

"இதே மேஜையிலதானே என் பொண்ணு கணக்குப் போடறா? எங்க வீட்டுக்குள்ள ஒரு சீட்டுக்கட்டு நுழைஞ்சதில்ல மிஸ். ரயில்ல பக்கத்துல யாராவது ரம்மி ஆடினாலே எங்க வீட்டுக்காரர் எழுந்து போய் நின்னுக்குவார். அப்படி வளர்ற பொண்ணு அவ."

பீன்ஸ் நறுக்கும் கை நிற்கவில்லை.

"யார் அந்த ஆளு? பேரைச் சொல்லுங்க. பாவம், எவ புருஷனோ! நானே போய் அவகிட்ட சொல்றேன்."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப நாளையிலேர்ந்து சின்மயி குரோம்பேட்டை சென்டருக்குப் போவா. நம்ம பிளாட்ஸ் குரூப்லயும் போடறேன். மத்த அம்மாக்களும் தெரிஞ்சுக்கட்டும்."

டியூஷனுக்கு வருவது ஒன்பது பிள்ளைகள். ஆஷாவுக்கு வேறு பிழைப்பு இல்லை. அது ஸ்ரீவித்யாவுக்கும் தெரியும்.

"யோசிச்சுச் சொல்லுங்க மிஸ். ஒரே ஒரு பேர்தான் கேக்கறேன்."

ஆஷா கத்தியைக் கீழே போட்டாள். பீன்ஸ் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"குரூப்ல போடறப்போ ஸ்பெல்லிங் பார்த்துப் போடுங்க ஸ்ரீவித்யா. போன வாரம் லிஃப்ட் ரிப்பேர்னு போட்டதுல நாலு தப்பு."

கேட் அறைந்து சாத்தப்பட்டது. செருப்புச் சத்தம் படியிறங்கியது.

ஐந்தே நிமிடம். டேப்லெட்டின் மேல் ஓரத்தில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. 'ஸாரி மிஸ், அனிருத் நாளையிலிருந்து வரமாட்டான்.' 'சத்யபிரியாவும் வரமாட்டா மிஸ்.' 'மிஸ், உங்ககிட்ட இதை எதிர்பார்க்கலை.'

ஆறு வரைக்கும் எண்ணினாள். அதற்கு மேல் பார்க்காமல் டேப்லெட்டைக் குப்புறப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த பீன்ஸை எடுத்தாள்.

"அக்கா..." காதில் அதே குரல். "லைன்லயேதான் இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு."

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"அந்த ஆப்?"

"தொடலை."

"இன்னிக்கு நீ ஜெயிச்சுட்ட, போ."

"என் பேரைச் சொல்லியிருந்தா உங்க டியூஷன் தப்பிச்சிருக்குமேக்கா. ஜெயிக்கிற சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு ஏன் காட்டாம கவுத்தீங்க?"

"அது என் சீட்டு இல்ல. உன்னோடது. இன்னும் ஆறு நாள்ல நீயே காட்டு. அதுவரைக்கும் நான் தாங்குவேன்."

மறைமலை நகர் ஃபேக்டரியின் லஞ்ச் முடிகிற சங்கு ஹெட்போனுக்குள் ஊதியது.

"சங்கு ஊதிட்டான், ஓடு அச்சுதா. சாயங்காலம் உன் பொண்டாட்டி ஸ்ரீவித்யா என்னைத் திட்டறப்போ நீயும் கூடச் சேர்ந்து ரெண்டு வார்த்தை திட்டிடு. அப்பதான் அவளுக்குச் சந்தேகம் வராது."