அரை டாங்க் பந்தயம்

“அக்கா, கோவிக்காதேங்கோ. ஒருக்கா இதிலை ஏறி நில்லுங்கோ.”

லண்டன் ஃபாரஸ்ட் கேட் கோயில் முற்றம், காலை ஆறு மணி. வீட்டுக்கு ஓடிப்போய்த் தூக்கிவந்த நிறை பார்க்கிற மெஷினைக் காட்டி மேர்வின் இப்படிக் கேட்டது யாரை? இம்மாகுலேற் அக்காவை! இருபது வருசமாக வால்சிங்கம் மாதா யாத்திரைக்குப் போகிற சனத்துக்கெல்லாம் சமைத்துப் போடுகிற மனுசியை!

“உனக்கு விசரே? நானென்ன அரிசி மூட்டையே?”

“மூட்டை எண்டால் நிறை எழுதியிருக்கும் அக்கா. அதுதான் கேக்கிறன்.”

முற்றம் முழுக்க ஒரே சிரிப்பு. மேர்வினின் மனைவி கிளறிற்றாவுக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஆனால் வினையை விதைத்தவளே அவள்தான். மூன்று மாதத்துக்கு முன் மேர்வின் ஒரு அமெரிக்கப் பிக்கப் வாங்கினான். தரைக்கு மாபிள் பதிக்கிற வேலைக்காம். தெருவில் இரண்டு கார் நிற்கிற இடம் அது ஒன்றுக்கே வேண்டும். பேர்தான் அரை டன் பிக்கப். முக்கால் டன்னைக்கூட முக்காமல் முனகாமல் சுமக்கும். சுமக்கும், ஆனால் அதுக்கேற்ற மாதிரிக் குடிக்கும்! வெறுமையாக ஓடினால் ஒரு கலன் பெற்றோலுக்கு இருபத்திரண்டு மைல், பாரம் ஏற்றினால் பதினாறு.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கிளறிற்றா, போன ஞாயிறு பூசை முடிய எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

“வால்சிங்கம் போய்வர இருநூற்றி நாப்பது மைல். டாங்கை நிரப்பிக்கொண்டு வெளிக்கிட்டு, அரை டாங்குக்குள்ளை போய் வந்தால் வண்டி இருக்கட்டும். இல்லாட்டித் திங்கக்கிழமையே வில்லுங்கோ.”

“சரி, பந்தயம்!” என்று மேர்வினும் கையை நீட்டிவிட்டான். இரண்டு பேர் மட்டும், வெறும் வண்டியில் போனால் மட்டுமட்டாக வெல்லலாம் என்பது அவன் கணக்கு.

அந்தக் கணக்கில் இன்று மண் விழுந்தது. சமையல் சாமான் ஏற்ற வேண்டிய கோயில் வான் என்ன செய்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. பஸ்ஸிலும் இடமில்லை. சோறாக்கும் பெரிய கிடாரங்கள், அரிசி, பூசணிக்காய், கேஸ் அடுப்பு, கூடவே இம்மாகுலேற் அக்கா, எல்லாம் இனி மேர்வினின் பிக்கப்பில்தான்.

“மேர்வின், நானூறு சனம் பசியோடை நிக்கப்போகுது மகன்” என்றார் ஃபாதர்.

மேர்வின் பிக்கப்பைப் பார்த்தான். கிடாரங்களைப் பார்த்தான். திடீரென்று நிறை மெஷினைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினான்.

“ஏத்துங்கோ! எல்லாத்தையும் ஏத்துங்கோ!”

ஏற்றி முடிந்ததும் பிக்கப்பின் பொனற்றை மெல்லத் தடவிவிட்டான், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிற தகப்பன் மாதிரி. பிறகு பெற்றோல் அளவு காட்டுகிற ஊசியை மறைத்து மாதா படமொன்றை ஒட்டினான்.

“அது இறங்கிறதைப் பாக்க என்னாலை ஏலாது கிளறிற்றா.”

கிளறிற்றாவுக்கு நெஞ்சு கரைந்துபோயிற்று. ஆனாலும் ஊரறியச் சொன்ன சொல்லை எப்படித் திருப்பி வாங்குவது? ஏறிக் கதவைச் சாத்தினாள். பின் சீற்றில் இருந்த இம்மாகுலேற் அக்காவோ, போய்ச் சேரும்வரை மேர்வினோடு ஒரு சொல் பேசவில்லை.

வால்சிங்கத்தில் மேர்வின் மாதா சுரூபத்தைத் தோளில் சுமந்து சுற்றுப்பிரகாரம் போன நேரம் பார்த்து, காரில் தனியாக வந்திருந்த தேவராசா அண்ணையைக் கிளறிற்றா பிடித்தாள்.

“அண்ணை, ஒரு கானிலை பத்து லீட்டர் பெற்றோல் வாங்கிவந்து எங்கடை பிக்கப்புக்கு ஊத்திவிடுங்கோ. அதின்ரை மூடிக்குப் பூட்டில்லை. இவருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

தேவராசா அண்ணை அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். “ஓம் பிள்ளை” என்று போனார்.

பத்து லீட்டர் போதாதென்று அவளுக்கும் தெரியும். ஊசி பாதிக்குக் கிட்ட நின்றால் போதும். கண்ணை மூடிக்கொண்டு பாதியென்றே சொல்லிவிடலாம்!

மாலை ஏழு மணி. பளீரென்ற வெயிலில் ஃபாரஸ்ட் கேட் முற்றத்துக்குப் பிக்கப் திரும்பி வந்தது. முன்னே வந்திறங்கிய சனம் சுற்றி நின்றது.

மேர்வின் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு படத்தை உரித்தான்.

ஊசி முக்காலையும் தாண்டி நின்றது.

“புதுமை!” அவன் போட்ட சத்தத்தில் கோயில் கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்தன. குதித்திறங்கி முழங்காலில் விழுந்தான். “ஐயோ மாதாவே! ஃபாதர், வந்து பாருங்கோ, மாதா அற்புதம் செய்திட்டா, புதுமை!”

“விசுவாசம் இருந்தால் எல்லாம் நடக்கும் மகன்” என்று சொல்லிவிட்டு ஃபாதர் அவசரமாகத் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார்.

“புதுமையாம்! விசரன்!” இம்மாகுலேற் அக்கா முறுமுறுத்தபடி சட்டிகளை அடுக்கப் போய்விட்டார்.

பத்து லீட்டருக்கு ஊசி இவ்வளவு ஏறாதே! கிளறிற்றா உடனே தேவராசா அண்ணையை ஓரமாக இழுத்தாள்.

“அண்ணை, நான் பத்து லீட்டர்தானே சொன்னனான்?”

“உம்மடையது நாலாவது கான் பிள்ளை. பெற்றோல் செற்றுக்கு ஓடியோடி என்ரை கார்தான் களைச்சுப்போச்சு. மூண்டாவது பாட்டுக்குழுப் பிள்ளையள், ரெண்டாவது ஃபாதர். எல்லாரும் ‘மேர்வினுக்குச் சொல்லாதேங்கோ’ எண்டுதான் சொல்லிச்சினம்.”

“அப்ப முதல் கான்?”

“வண்டியாலை இறங்கின கையோடை இம்மாகுலேற் அக்கா அனுப்பினவ. ‘அந்தப் பாரத்திலை என்ரை பங்கு கொஞ்சமே தேவராசா? அதுக்குரிய பெற்றோலை நான்தானே ஊத்தவேணும்’ எண்டவ.”