மஞ்சள் பூட்டு

"அசலூர்ல ஆளை நம்பாதே, பூட்டை நம்பு" என்று லாரி ஓட்டிய பெரியப்பா சொல்வார். இல்லை, "பூட்டை நம்பாதே, ஆளை நம்பு" என்றா? வக்கீலுக்கு அது எப்போதும் குழப்பம்தான்.

இப்போது, பாஷை தெரியாத ஊரின் நடுத்தெருவில் நிற்கும்போது, முதலாவதுதான் சரி என்று பட்டது.

கம்பித் தடுப்போடு சேர்த்துப் பூட்டிவிட்டுப் போன வாடகைச் சைக்கிள்கள் இரண்டும் வைத்த இடத்திலேயே இருந்தன. ஆனால் அவற்றின் மேல் இன்னொரு பூட்டு. கட்டைவிரல் தடிமனில், மஞ்சள் உறை போட்ட சங்கிலிப் பூட்டு.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"புதுமாதிரி வழிப்பறி. வெளியூர்க்காரன்னு பாத்துப் பூட்டிட்டான். இப்ப வந்து பல்லைக் காட்டிக்கிட்டுப் பணம் கேப்பான், பாரு."

தன் பூட்டில் சாவியை வைத்தார். திருப்புவதற்கு முன்பே அது வாயைப் பிளந்தது.

"பாத்தியா, நம்ம பூட்டு தொட்டதும் திறக்குது. வீட்ல இருக்கவங்க கேக்காட்டாலும் இது சொன்ன பேச்சு கேக்குது."

மனைவி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் கண் கைப்பிடியில் ரப்பர் பேண்டால் சுற்றியிருந்த ஒரு சீட்டின் மேல் இருந்தது. பிரித்தாள். புரியாத எழுத்தில் ஐந்தாறு வரி. இரண்டு இடத்தில் அடிக்கோடு. கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி.

"யார்கிட்டயாவது காட்டிக் கேக்கலாங்க."

"ஆச்சரியக்குறியைப் பாத்தாலே தெரியலையா? இங்கே ஏன்டா நிறுத்தினேன்னு திட்டியிருக்கான். அந்தத் திட்டை இன்னொருத்தன் வாயால வேற கேக்கணுமா?"

"முப்பது வருஷமா, படிச்சுப் பாக்காம எதையும் முடிவு பண்ணாதீங்கன்னு ஊருக்கே சொன்னது யாரு?"

"அது கட்சிக்காரங்களுக்கு" என்று சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் திணித்தார்.

மணி நாலேகால். ஐந்து மணிக்குச் சைக்கிள் கடை மூடிவிடும். சைக்கிளுக்கு ஈடாக இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் அந்தக் கடை மேஜைக்குள் இருந்தன. ஆறு மணிக்கு ரயில். அதை விட்டால் அடுத்தது மறுநாள்தான்.

பக்கத்தில் ஒரு நீலச் சைக்கிள், பின்னால் குழந்தை உட்காரும் இருக்கையோடு, பூட்டே இல்லாமல் நின்றது.

"இவனைப் பாரு. திறந்து போட்டுட்டு நிம்மதியாப் போயிருக்கான். இந்த ஊர் வில்லங்கத்துக்கெல்லாம் நம்ம மூஞ்சிதான் கிடைச்சுது."

கால் மணி நேரம் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. தெருமுனையில் ஒருவர் குழாய் பதித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் இரும்பு வெட்டும் நீளக் கத்தரி கிடந்தது. வக்கீல் போய்க் கையாலும் கண்ணாலும் வாதாடி, அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அந்தச் சீட்டை இவர்கிட்டயாவது காட்டுங்களேன்."

"நீ சும்மா இரு. மனுஷன் மனசு மாறிடப் போறார்."

குழாய்க்காரர் வாடகை ரசீதில் இருந்த எண்ணையும் சைக்கிள் எண்ணையும் ஒத்துப் பார்த்தார். தோளைக் குலுக்கினார். வெட்ட இடம் வேண்டும் என்று வக்கீல் நீலச் சைக்கிளைத் தள்ளி ஓரமாக நிறுத்தினார்.

டக்.

துண்டான மஞ்சள் பூட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "நம்மகிட்டயா?"

பத்து நிமிஷம் மூச்சு வாங்க மிதித்தார்கள். கடைக்காரர் சைக்கிள்களைத் தடவிப் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட்டுகளை எடுத்துக் கொடுத்தார். வக்கீல் அரைகுறை ஆங்கிலத்தில் நடந்ததைச் சொல்லி, இப்படிப்பட்ட ஊரில் எப்படித்தான் தொழில் செய்கிறீர்கள் என்று அனுதாபப்பட்டார்.

அவர் முடிப்பதற்குள் மனைவி அவர் பையில் கைவிட்டுச் சீட்டை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

கடைக்காரர் கண்ணாடியை மாட்டினார். ஒரு தடவை தனக்குள் படித்தார். பிறகு விரலை வைத்து, அதே அரைகுறை ஆங்கிலத்தில், வரி வரியாகச் சொன்னார்.

"உங்க பூட்டு சரியா விழலை. ரெண்டு பேர் இழுத்துப் பாத்துக்கிட்டிருந்தாங்க, விரட்டிட்டேன்."

"டொக்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கணும்னு இவரு காலையிலேயே சொன்னாரேங்க" என்றாள் மனைவி மெதுவாக.

"வாடகைச் சைக்கிள்னு தெரியுது. தொலைஞ்சா வெளியூர்க்காரங்களுக்குக் கஷ்டம். அதனால என் பூட்டைக் கழட்டி உங்களுக்குப் போட்டிருக்கேன். எதிர்மாடியில பல் டாக்டர்கிட்ட மகளோட இருக்கேன். மணியை அடிங்க, உடனே இறங்கி வர்றேன்."

கடைக்காரர் நிறுத்தினார். அடிக்கோட்டின் மேல் அவர் விரல் நின்றது.

"அதுவரைக்கும் பக்கத்துல இருக்கற என் நீலச் சைக்கிளைக் கொஞ்சம் பாத்துக்குங்க. அதுக்கு இப்ப பூட்டு இல்லை!"

சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தொட்டது. கடைக்காரர் ஷட்டர் கம்பியைக் கையில் எடுத்தார்.

"என்னங்க, ரயிலு..." என்றாள் மனைவி.

வக்கீல் பாஸ்போர்ட் இரண்டையும் திரும்ப மேஜை மேல் வைத்தார். சுவரில் தொங்கிய பூட்டுகளில் தடிமனானதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வந்த வழியே சைக்கிளைத் திருப்பினார்.