எல் போட்ட ரேம்

ஞாயிற்றுக்கிழமை வெயில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக் கண்ணாடி வழியே மேசையில் சதுரமாக விழுந்திருக்கிறது. அதன் நடுவே திரௌபதியின் பத்து வருடத்து லேப்டாப் குப்புறக் கிடக்கிறது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு டைப் செய்து பிழைக்கிறவள் அவள். நாளை திங்கள், கலெக்டர் மனு வாங்கும் நாள். போன வாரம் பாதி மனுவில் திரை உறைந்துவிட, ஊன்றுகோலோடு வந்தவர் ஒருவர் வெறுங்கையோடு திரும்பிப் போனார். கடைக்காரர் கோதண்டராமன் அடிமூடியைக் கழற்றி, காலியாக இருக்கும் இரண்டாவது இடத்தில் ரேம் என்கிற நினைவகச் சில்லு ஒன்றை வைத்துப் பார்க்கிறார். அதன் விளிம்பில் வெட்டிய பள்ளம் பொருந்தவில்லை. "இது டிடிஆர் ஃபோர் ரகமுங்க, உங்களுது த்ரீ" என்று இன்னொன்றை எடுக்கிறார். அது பொருந்துகிறது. திரௌபதி குனிந்து பார்க்கிறாள். "கொஞ்சம் இருங்கண்ணா. உள்ள இருக்கிற பழைய ரேம்ல பிசி த்ரீ எல்-னு போட்டிருக்கு. இதுல எல் இல்லியே?" சர்வே எண்ணில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும் மனு திரும்பிவிடும் என்று கண்டு பழகிய கண் அது. அவர் நெற்றியிலிருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொள்கிறார். "ஆமாங்க. எல்-னா வோல்டேஜ் கம்மி. இந்த மாடல் அத மட்டுந்தான் ஏத்துக்கும்." ரேம்கள் போட்டு வைத்திருக்கும் டப்பாவையே கவிழ்த்து, கிளறி, ஒன்றைக் கண்டெடுத்து மாட்டுகிறார். திரை கறுப்பாகவே இருக்கிறது. உள்ளே விசிறி மட்டும் சுற்றுகிறது. திரௌபதி முந்தானையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். பிறகு திரை விழிக்கிறது, ரேம் எட்டு ஜிபி என்று காட்டுகிறது. கோதண்டராமன் திருப்புளியைத் துடைத்தபடி தயங்குகிறார். "எங்க தெருவுல மூணு மாசமா லைட்டு எரியலீங்க. மனு எழுத நாளைக்கு வரட்டுங்களா?" அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்கிறாள். "நாளைக்கு எதுக்குண்ணா? தெரு பேரச் சொல்லுங்க."