தடி நுனியில் மாத்திரை

சிறை முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சவரம். ஒரு குவளைத் தண்ணீர், ஒரே பிளேடு, பதினோரு கைதிகள். தண்ணீர் சாம்பலாகக் கொழகொழத்து, மேலே முடி மிதக்கிறது. நோய்க்காரன் என்று கடைசியாக உட்காரவைக்கப்பட்ட நீலமேகத்தின் தாடையில் கீறல் எரிகிறது. அழுத்திப் பிடித்த துண்டில் ரத்தம். கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரி ஓட்டியவன். ஈரலை அரிக்கும் ஹெபடைடிஸ் சி அவனுக்கு இருப்பது போன மாதம்தான் தெரிந்தது. பன்னிரண்டு வாரம் மாத்திரை. அதைக் காவலர் ஹரிஹரன் கையால் தொடுவதில்லை. காகிதத்தில் வைத்து லத்தி நுனியால் பெஞ்சில் தள்ளுகிறார், பிறகு லத்தியைச் சுவரில் தேய்த்துத் துடைக்கிறார். "முழுங்கு. தள்ளி நில்லு, எம் மேல மூச்சு விடாத." நீலமேகத்துக்கு அந்த முகத்தைப் பார்க்கவே குமட்டுகிறது.

ஹரிஹரன் போய்ச் சவர முக்காலியில் அமர்ந்து சவரக்காரரிடம் கன்னத்தைக் காட்டுகிறார். "பாத்துப் பண்ணுப்பா, சாயந்திரம் பொண்ணுக்கு நிச்சயம்." அதே பிளேடு அதே தண்ணீரில் அலசப்படுகிறது. தொட்டால் ஒட்டாது, ரத்தம் பட்டால்தான் ஒட்டும் என்று டாக்டர் சொன்னபோது இவரும் பக்கத்தில்தான் நின்றார். சொல்லாமலே விட்டுவிடலாம் என்ற நினைப்பு நீலமேகத்துக்கு ஒரு கணம் இனிக்கிறது. அந்த இனிப்பு அவனுக்கே அருவருக்கிறது.

"சார், பிளேட மாத்தச் சொல்லுங்க. அது எனக்குப் போட்டது."

சவரக்காரரின் கை நிற்கிறது. ஹரிஹரன் கண்ணைத் திறக்காமலே லத்தியை நீட்டுகிறார். "உன்னத் தள்ளி நிக்கச் சொன்னேன்ல. நீ சவரத்தப் போடுப்பா."

பிளேடு இறங்குகிறது. வெள்ளை நுரையில் மெல்ல ஒரு சிவப்புப் பொட்டு மலர்கிறது.