எட்டுப் பேர் படம்

சாத்தூரில் பானுப்பிரியா தன் ஸ்டூடியோ இருட்டறையில் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டாசு கம்பெனியில் வேலை செய்யும் எட்டுப் பெண்களை முந்தின நாள் கம்பெனிக் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்திப் பிலிமில் எடுத்திருந்தாள். டெவலப்பர் தட்டில் கிடந்த தாளில் ஏழு பேர்தான் தெளிந்தார்கள். அவளுடைய அண்ணன் மனைவி இருளம்மாள் நின்ற இடம் காலி. நெகட்டிவில் இருளம்மாள் இருந்தாள். மூன்று முறை போட்டும் தாளில் காலிதான்.

தெருமுனையில் கம்பெனி வேனுக்குக் காத்திருந்த இருளம்மாளின் கையைப் போய்ப் பிடித்தாள்.

"மதினி, இன்னைக்கு வேலைக்குப் போகாதீக."

"சீசன் நேரம் பானு. ஏசுவாக."

"ஏசட்டும். வாங்க."

கூட்டிவந்து மறுபடி போட்டாள். இப்போது இருளம்மாள் மட்டும் இருந்தாள். பக்கத்தில் ஏழு பேர் நிற்கும் அளவுக்கு வெறும் தரை.

அதற்குள் மற்ற ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு வேன் போயிருந்தது. மதினியைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டியை விரட்டினாள். ரயில்வே கேட் மூடியிருந்ததால் வேன் நின்றது. அதன் முன்னால் வண்டியைக் குறுக்கே போட்டாள். ஈரப் பிரிண்டைச் சன்னலில் விரித்துக் காட்டினாள்.

"நாங்க எங்கன?" என்றாள் உள்ளேயிருந்த செல்லத்தாய்.

"அதத்தான் நானும் கேக்கேன். எல்லாரும் இறங்குங்க."

டிரைவர் கத்தினார். கேட் திறந்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. பானு நகரவில்லை. முதலில் செல்லத்தாய் இறங்கினாள், பிறகு மற்றவர்களும் இறங்கினார்கள். டிரைவர் காலி வேனை ஊருக்குத் திருப்பினார்.

பத்து மணிக்கு இன்னொரு பிரிண்ட் போட்டாள். எட்டுப் பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கம்பெனி இருந்த இடத்தில் வானம் மட்டும் இருந்தது.