முதலில் பார்த்தவர் உட்கார வேண்டும்

அவள் டப்பாவைப் பார்த்துவிட்டாள்.

வந்து நின்றதுமே பார்த்துவிட்டாள். வயதான ஓர் அலையாத்தி மரத்தின் கவட்டில், சேற்று நிற டேப் சுற்றி, கறுப்புக் கயிற்றால் கட்டியிருந்தது. முகம் தெரியாத யாரோ ஒளித்துவைத்தது. இடம் இதுதான் என்று செல்போன் வரைபடத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கண்டுபிடிக்கிறவர்கள் உள்ளே இருக்கும் தாளில் பேரெழுதிவிட்டு, மறுபடி அங்கேயே கட்டிவைத்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. இதற்காகவா பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து இத்தனை நடை என்று கேட்டால், ஆமாம், இதற்காகத்தான்.

அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

கணவன் மனைவி இருவருக்குமாக ஒரு சட்டம் உண்டு. முதலில் பார்த்தவர் கத்தக் கூடாது. கைகாட்டக் கூடாது. சத்தமில்லாமல் ஒதுங்கிப் போய் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறக்க வேண்டும். தாளில் முதலில் பார்த்தவர் பேர் மேலே, மற்றவர் பேர் கீழே.

மலையானாலும் ஏரிக்கரையானாலும் எப்போதும் அவர்தான் முதலில் உட்காருவார். உட்கார்ந்து, டீயை உறிஞ்சுகிற சத்தத்திலேயே அவளை வெறுப்பேற்றுவார்.

இன்றைக்குப் பந்தயமும் சேர்ந்திருந்தது.

உப்பளக் கரைமேல் வரும்போது அவர்தான் ஆரம்பித்தார். "நான் முதல்ல பாத்துட்டா ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கக் கூடாது. நீ பாத்துட்டியா, திங்கக்கிழம பேசாம வந்து படுத்துக்கறேன்."

அவருக்கு இடது கண்ணில் பார்வை பாதிக்கு மேல் போய்விட்டது. வலது கண்ணிலும் ஓரங்கள் மங்க ஆரம்பித்துவிட்டன. இருப்பதைக் காப்பாற்ற ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் இதுவும் தங்காது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. எனக்கு நல்லாத்தான தெரியுது என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். பயம். ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர்.

உட்கார்ந்தால் போதும். ஜெயித்துவிடுவாள். சொன்ன சொல் மாறுகிறவர் இல்லை.

உட்காரத்தான் போனாள்.

அவர் கழுத்தை முழுசாகத் திருப்பித் திருப்பித் தேடினார். ஓரத்தில் இருப்பது தெரியாதவர்கள் அப்படித்தான் தேடுவார்கள். சேற்றில் ஈட்டிகளாகக் குத்தி நின்ற வேர்களுக்கு நடுவே, காலை ஊன்றும் முன் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டப்பா இருந்த மரத்தை உரசிக்கொண்டே போனார். உரசிக்கொண்டே திரும்பி வந்தார். முகத்தில் மட்டும் அதே பழைய சிரிப்பு. இதோ பார்த்துவிடுவேன் என்கிற சிரிப்பு.

அவளுக்குக் கால் மடங்கவில்லை.

கொஞ்ச நேரம் போகட்டும். அந்தச் சிரிப்பைத் தன் கையால் அழிக்க அவளால் முடியாது.

அவளும் தேடினாள். உமரிச் செடிகளை விலக்கினாள். வேர்களுக்கு நடுவே குனிந்தாள். மரம் மரமாகச் சுற்றி வந்து உச்சுக்கொட்டினாள். நாடகத்தில் சேர்ந்திருந்தால் பேர் வாங்கியிருப்போம் என்று அவளுக்கே தோன்றியது.

வெயில் சாய்ந்தது. உப்பங்கழியில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. வேர்களின் நுனிகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

திரும்பிப் பார்த்தாள்.

அவர் கரைமேட்டில் உட்கார்ந்திருந்தார். பிளாஸ்க் திறந்திருந்தது.

பார்த்துவிட்டார். இனி ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்க முடியாது. சிரிப்பைக் காப்பாற்றப் போய்க் கண்ணைக் கோட்டைவிட்டுவிட்டாள். தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. அவர் பார்க்கிறாரே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அந்த மரத்துக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு லேசில் விடவில்லை.

டப்பாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பப் பாத்தீங்க?"

அவர் டீயை ஊதினார்.

"டப்பாவயா? நான் எங்க பாத்தேன்? ஒன்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். எல்லா மரத்தயும் சுத்திச் சுத்திப் பாக்குற. அந்த ஒத்த மரத்துக்கிட்ட வந்தா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிற."

அவள் டப்பாவைத் திறந்தாள். தாளையும் பென்சிலையும் எடுத்து நீட்டினாள். எப்போதும் அவர்தான் எழுதுவார்.

அவர் வாங்கவில்லை.

"நீயே எழுது. ஓம் பேர மேல போடு."

எழுதினாள். மறுபடி மரத்தில் கட்டிவிட்டு வந்தாள்.

கரை ஓர் ஆள் நடக்கிற அகலம்தான். எந்த ஊரிலும் முன்னால் போய்ப் பழகியவர், அவளை முன்னே விட்டார். பின்னாலிருந்து அவள் தோளில் கை வைத்துக்கொண்டார்.

தூரத்தில் ரோட்டு விளக்குகள் தெரிந்தன. அவருக்கும் தெரிகிறதா என்று அவள் கேட்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவர்தான் கேட்டார்.

"திங்கக்கிழம வெறும் வயித்தோடயா வரச் சொல்லியிருக்காங்க? ரெண்டு இட்லி சாப்புட்டுக்கலாமில்ல?"